மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மீதி

தலைமை நாற்காலியில் அமர்ந்து, நான்கு உரைகள் முடிந்த பிறகும் ஒருமுறைகூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்காத பெருந்தன்மைக்குரிய சிவானந்தன் ஐயா அவர்களே! அவருக்கு இருபுறமும் வீற்றிருக்கும் சங்கத்துப் பெரியோர்களே! சனிக்கிழமை விரதத்தோடும் வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே! மின்விசிறியின் கீழ் இடம் கிடைத்த பாக்கியசாலிகளே! கிடைக்காத பொறுமைசாலிகளே! முன்னிரண்டு வரிசைகளையும் செம்மஞ்சள் ரீசேட் அணிந்து நிறைத்திருக்கும் தொண்டர் பெருமக்களே! அந்தத் தொண்டர்களுக்கு இரண்டு நாள் தொண்டை வற்றக் கற்பித்துவிட்டு, இப்போது குரலே இல்லாமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர் ரெனால்ட் அவர்களே! நான்காம் வரிசையில் அம்மாவின் பக்கத்தில், கையில் இருக்கும் ரோல்ஸைச் சாப்பிடலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ரூபிகாவே! சாப்பிடம்மா. என் உரை கொஞ்சம் நீளம். உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

என் பெயர் ராமையா. நான் இந்த வெள்ளவத்தைக்காரன் அல்ல. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவன். அங்கே பிள்ளைகள் சைக்கிள் பழகும் மைதானத்தின் வாட்சர். ஞாயிறு காலை ஆறரைக்குக் கேற்றைத் திறப்பது, பதினான்கு சைக்கிள்களை வெளியே உருட்டி வைப்பது, பத்து மணிக்கு அவற்றை எண்ணி உள்ளே வைப்பது. இதுதான் என் உத்தியோகம்.

இந்த உரையை நானே எழுதினேன். எழுபத்திரண்டு வயதில், போன வருடம்தான் எழுத்துக் கற்றேன். இந்த ஐந்து தாளுக்கும் பதினொரு நாள் பிடித்தது. ஆகவே தலைவர் ஐயா அவர்களே, நேரம் போய்விட்டது என்று நீங்கள் துண்டு எழுதி அனுப்பினாலும் ஒரு வரியையும் தாண்ட மாட்டேன். அந்தத் துண்டையும் சேர்த்து வாசிப்பேன். எனக்கு இப்போது எதைக் கண்டாலும் வாசிக்க ஆசை.

சிரியுங்கள். சிரிப்பு நல்லது. ஏனென்றால் இனி வருவது அவ்வளவு நல்லதல்ல.

நான் இன்று கேட்க வந்தது ஒன்றே ஒன்று. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைக்கிள் பழக எங்களிடம் ஒன்பது ஞாயிறு, ஒன்பது பாடம். அதோ அந்த ரூபிகாவுக்கு ஆறு பாடம் முடிந்திருக்கிறது. மூன்று மீதி. அந்த மூன்றையும் அவளுக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். நாளைக் காலை ஆறரைக்குத் தொடங்க வேண்டும். இவ்வளவுதான். இதற்கு ஒரு மேடை வேண்டுமா, ஒரு மாலை வேண்டுமா, ஒலிபெருக்கி வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்கிறேன்.

களைத்துப் போனேன், பெரியோர்களே. வயதால் களைத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். வயது என்னைப் படிக்கட்டில் மட்டும்தான் களைக்க வைக்கும். நான் விழாவால் களைத்தவன். விளக்கேற்றிக் களைத்தவன். நாற்காலி அடுக்கிக் களைத்தவன். பொன்னாடை மடித்துக் களைத்தவன். சைக்கிள் பழக்க வரும் தொண்டர்களுக்குப் பயிற்சி இரண்டு நாள். அதற்குச் சான்றிதழ் விழா இன்றோடு ஐந்து. இதுவரை நான்கு அணிகளில் எத்தனை தொண்டர்களை உருவாக்கினோம் தெரியுமா? நூற்றெட்டுப் பேர்!

கைதட்டாதீர்கள், தயவுசெய்து. அந்த நூற்றெட்டுப் பேரில் ஒன்பதாவது ஞாயிறுவரை மைதானத்துக்கு வந்தவர்கள் ஏழு பேர்.

இப்போது யாரும் கைதட்டவில்லை. சரி.

நாங்கள் எல்லோரும் பிள்ளைகளுக்கு எப்படிச் சைக்கிள் பழக்கினோம்? சீட்டைப் பின்னாலே பிடித்துக்கொண்டு ஓடினோம். "விடமாட்டேன், விடமாட்டேன்" என்று கத்திக்கொண்டே விட்டோம். தகப்பன்மார் சிரிக்கிறீர்கள்; செய்தவர்களுக்குத் தெரியும். ரெனால்ட் அதைச் செய்யவிட மாட்டார். சீட்டை இறக்கு என்பார். இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் பட வேண்டும் என்பார். பெடல் இரண்டையும் கழற்றிவிடுவார். பிள்ளை காலால் உந்தி உந்திப் போகும். முதல் ஞாயிறு உந்தும், இரண்டாம் ஞாயிறு உந்தும். எங்கேயோ ஒரு நொடியில் இரண்டு காலும் நிலத்தை விட்டு எழும்பும். அப்போது பிள்ளையின் வாய் திறக்கும். சத்தம் வராது. அந்த வாய் அப்படியே திறந்தபடி மைதானத்தின் அந்தப் பக்கத் தலைப்புவரை போகும்.

அதை நான் கேற்றடியில் நின்று நூறு தடவை பார்த்திருப்பேன். ஒரு தடவைகூடச் சலிக்கவில்லை. பிள்ளைகளால் நான் களைத்ததே இல்லை. என்னைக் களைக்க வைத்தவர்கள் முழுக்க முழுக்கப் பெரியவர்கள்.

எங்கள் முதலாவது அணியின் தொடக்க நாளைச் சொல்கிறேன். புதுச் சைக்கிள்கள் வந்து இறங்கின. தாய்மார் விடுவார்களா? சந்தனம் வைத்தார்கள். குங்குமம் வைத்தார்கள். ஒவ்வொரு சில்லின் கீழும் ஒரு தேசிக்காய் வைத்தார்கள். ஹாண்டிலில் கட்டுக் கட்டாக மல்லிகை மாலை போட்டார்கள். சிறப்பு விருந்தினர் ஏறி ஒரு சுற்று ஓட வேண்டும், புகைப்படத்துக்காக. அவர் ஏறினார், ஓடினார், நன்றாகத்தான் ஓடினார். நிறுத்தப் பார்த்தபோதுதான் மாலையின் நார் பிரேக்குக்குள் சிக்கியிருப்பது தெரிந்தது. "பிடியுங்கோ! பிடியுங்கோ!" என்று எங்களைப் பார்த்துக் கத்துகிறார். படம் பிடிக்கச் சொல்கிறார் என்று நினைத்து நாங்கள் கைதட்டிக்கொண்டு நிற்கிறோம். நேரே போய்த் தேநீர் மேசையில் மோதினார். அன்றைக்கு யாருக்கும் பால் தேநீர் கிடைக்கவில்லை.

அந்தச் சிறப்பு விருந்தினர் யார் என்று நான் சொல்ல மாட்டேன். தலைமை நாற்காலியில் இருந்து அவரே சிரிக்கிறார்.

ரெனால்ட் அன்று மாலை எல்லா நாரையும் கத்தியால் வெட்டி எடுத்துக்கொண்டே சொன்னார்: "ராமையா அண்ணே, இனிமே மாலையை ஆளுக்குப் போடச் சொல்லுங்க. பிரேக்குக்குப் போடவேணாம்." அன்றிலிருந்து எனக்கு அது ஒரு கணக்காகவே தெரிகிறது. நாம் ஒரு நல்ல காரியத்தைத் தொடங்குகிறோம். உடனே அதை அலங்கரிக்கிறோம். அலங்காரத்தின் கீழே எது வேலை செய்ய வேண்டுமோ, அது மூச்சுமுட்டிக் கிடக்கிறது. அதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

இனி நான்காவது அணிக்கு வருகிறேன். இருபத்தாறு தொண்டர்கள். சான்றிதழ் வாங்கிய அன்று இருபத்தாறு பேரும் படத்தில் நின்றார்கள். முதல் ஞாயிறு பதினான்கு பேர் வந்தார்கள். மூன்றாம் ஞாயிறு ஒன்பது. ஐந்தாம் ஞாயிறு ஆறு. எங்கள் சட்டம் நான்கு பிள்ளைக்கு ஒரு தொண்டர். முப்பது பிள்ளைகளுக்கு ஆறு பேர் போதாது. ரெனால்ட் இரண்டு பேருடைய வேலையைச் செய்து ஆறாம் பாடத்தையும் முடித்தார். அந்தக் கிழமையே அவருக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு தொண்டர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி போட்டார்: நாளைக்கு யார் யார் போகிறீர்கள்? பதினொரு பெருவிரல்கள் வந்தன. பதினொன்று! பார்க்கப் போன என்னிடம் போனைக் காட்டினார். "சரி அண்ணே, ஆள் இருக்கு. நான் இல்லாட்டியும் நடக்கும்" என்று கண்ணை மூடினார்.

மறுநாள் பெருவிரல்கள் வந்த இடத்துக்குக் கால்கள் வரவில்லை. ஒவ்வொருவரும் மற்றப் பத்துப் பேர் போவார்கள் என்று நினைத்துவிட்டார்கள். கெட்ட பிள்ளைகள் அல்ல. ஒருவருக்கு டியூசன், ஒருவருக்குக் கலியாண வீடு, ஒருவருக்கு நித்திரை. யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. என்ன நடந்தது என்று சொல்லத்தான் வந்தேன்.

ஆறு இருபதுக்கே ரூபிகா வந்துவிட்டாள். தலைக்கவசத்தைத் தலையில் போட்டு, நாடாவையும் பூட்டிக்கொண்டுதான் வந்தாள்.

"வாட்சர் தாத்தா, இண்டைக்குத் திரும்பிப் பாக்கிற பாடம் எல்லோ?" என்றாள்.

"ஆமாம்மா. மிஸ்மார் சார்மார் வரட்டும்."

"எத்தினை பேர் வருவினம்?"

"பதினோரு பேராம்."

ஏழு மணியாயிற்று. ஏழரையாயிற்று. மற்றப் பிள்ளைகள் வந்து, நின்று, தாய்மாரோடு திரும்பிப் போனார்கள். இவள் போகவில்லை.

"ஒருத்தரையும் காணேல்லையே தாத்தா. நீங்களே பழக்குங்கோவன். பின்னால நிண்டு விரலைக் காட்டினால் போதும்தானே?"

"எனக்கு சைக்கிளே ஓடத் தெரியாதும்மா."

"சும்மா சொல்லாதேங்கோ! இத்தினை சைக்கிளை வச்சிருக்கிறியள், ஓடத் தெரியாதோ?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பயிற்சி பெறாத ஆள் பிள்ளைக்குக் கற்பிக்கக் கூடாது என்பது சட்டம். நான் சட்டத்தைக் காத்தேன். "அடுத்த கிழமை வாம்மா" என்று சொல்லிக் கேற்றைப் பூட்டினேன். அடுத்த கிழமையும் வந்தாள், அடுத்த கிழமையும் பூட்டினேன். அதற்கடுத்த கிழமையும் அப்படித்தான். இந்தக் கையால்தான் பூட்டினேன்.

அந்த ஏழாவது பாடம் என்னவென்று இங்கே பலருக்குத் தெரியாது. சோக்கட்டியால் ஒரு நேர்கோடு போடுவார்கள். பிள்ளை அந்தக் கோட்டின்மேல் ஓட வேண்டும். தொண்டர் பின்னால் நின்று விரலைக் காட்டுவார். பிள்ளை வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து "மூண்டு!" என்றோ "அஞ்சு!" என்றோ சொல்ல வேண்டும். கோட்டை விட்டு விலகக் கூடாது. கேட்க விளையாட்டுப் போல இருக்கும். ஆனால் பழகாத பிள்ளைக்குத் தலை திரும்பினால் தோள் திரும்பும். தோள் திரும்பினால் கை திரும்பும். கை திரும்பினால் முன்சில்லு திரும்பும். சில்லு திரும்புகிற பக்கம்தான் பஸ் வருகிற பக்கம்.

அப்படி மூன்று ஞாயிறு பூட்டிய பிறகு, நான்காவது ஞாயிறு அவள் மைதானத்துக்கு வரவில்லை. பெரியம்மா வீட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீதிக்குப் போனாள். ஏன் போக மாட்டாள்? அவளுக்கு ஓடத் தெரியுமே! நாங்கள்தானே பழக்கினோம்! ஏறப் பழக்கினோம், மிதிக்கப் பழக்கினோம், நிறுத்தப் பழக்கினோம், உன்னால் முடியும் என்று முப்பது தடவை சொன்னோம். துறைமுகத்துக்குப் போகும் கொண்டெய்னர் லொறி ஒன்று பின்னால் ஹோர்ன் அடித்தது. என்னவென்று திரும்பிப் பார்த்தாள். சைக்கிள் வீதியின் நடுவுக்குப் போனது. லொறிக்காரர் எப்படியோ பிரேக் பிடித்துவிட்டார். எதிரே வந்த முச்சக்கர வண்டியால் முடியவில்லை. வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது.

நான் பிஸ்கட் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுடைய அம்மா நாகேஸ்வரி வாசலில் கிடந்த வாங்கில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"ஐயா," என்றார், "என்ர பிள்ளைக்குச் சைக்கிளே தெரியாமல் இருந்திருந்தால் அவள் ரோட்டுக்குப் போயிருக்க மாட்டாள். முழுசாத் தெரிஞ்சிருந்தால் விழுந்திருக்க மாட்டாள். நீங்கள் எல்லாரும் சேந்து பாதியில விட்டிட்டியள்."

தாய்மார்களே, நான் கேட்கிறேன். நாம் கற்பிக்காமல் இருந்தால் அது ஒரு குறை. நாம் பாதி கற்பித்தால் அது என்ன? பாதிப் பாலம் கட்டி வைத்துப் பிள்ளையைக் கூப்பிட்டவர்கள் நாம் அல்லவா? துணிவைக் கொடுத்தோம், கண்ணைக் கொடுக்கவில்லை. வேகத்தைக் கொடுத்தோம், விவேகத்தைக் கொடுக்கவில்லை. ஆறு பாடத்தைக் கொடுத்து அவளை வீதிக்கு அனுப்பிவிட்டு, நாம் எங்கே போனோம்? நம் படம் எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்க்கப் போனோமா?

மன்னிக்க வேண்டும். தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

போன மாதம் கை நேரானதும் அம்மாவும் மகளும் மறுபடி கேற்றடிக்கு வந்தார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "இனிமேலும் அனுப்புறீங்களாம்மா?" என்று கேட்டேன். நாகேஸ்வரி அம்மா சொன்னார்: "நான் விடாட்டியும் அவள் ஒளிச்செண்டாலும் ஓடுவாள் ஐயா. எனக்குத் தெரியும் என்ர பிள்ளையை. அதால இந்த முறை முழுசாப் பழக்குங்கோ. ஏலாட்டி இப்பவே சொல்லுங்கோ, நான் வேற வழி பாக்கிறன்."

நான் "பழக்குகிறோம்" என்று சொல்லிவிட்டேன். ஒரு வாட்சருக்கு அப்படிச் சொல்ல அதிகாரம் கிடையாது. ஆனாலும் சொல்லிவிட்டேன். இப்போது அதை வைத்துக்கொண்டு உங்கள் முன்னால் நிற்கிறேன்.

என் தாளில் அடுத்த வரி இது: "இந்த மேசையில் இருக்கும் இருபத்தெட்டுச் சான்றிதழ்களை என் கையால் வழங்கும்படி தலைவர் ஐயா என்னைப் பணித்திருக்கிறார். நான் வழங்க மாட்டேன். ஒன்பதாவது ஞாயிறு முடிந்த பிறகு, ஒரு பிள்ளையை முழுதாகக் கரைசேர்த்தவருக்கு மட்டும் வழங்குவேன்."

இதை எழுத எனக்கு ஒரு முழுநாள் எடுத்தது. 'கரைசேர்த்தவருக்கு' என்பது பெரிய சொல்.

என்ன ஐயா? ஆமாம், நிகழ்ச்சிநிரலில் இருக்கிறது, தெரியும். படப்பிடிப்பாளர் வந்திருக்கிறார், அதுவும் தெரியும். முன்வரிசையில் சலசலப்பு. யாரோ எழும்புகிறார். சொல்லுங்கள் மகள், சத்தமாகச் சொல்லுங்கள். உங்கள் பெயர்? மஸாஹிரா. பின்னால் உள்ளவர்களுக்காக நான் திருப்பிச் சொல்கிறேன். "அங்கிள், கோவிக்க வேணாம். எனக்கி வியாழக்கிழமை இன்டர்வியூ. வெளிநாட்டுக்குப் படிக்கப் போற. அதுக்குத்தான் இந்தச் செர்டிபிகேட் வேணும். ஒம்பது கிழமைக்கி நான் இங்க இருக்க மாட்டேன். பொய் சொல்ல ஏலா" என்கிறார்.

உட்காருங்கள் மகள். இல்லை, வெட்கப்பட வேண்டாம். யாரும் சிரிக்கக் கூடாது.

நூற்றெட்டுப் பேரில் ஒருவரும் இதை எனக்குச் சொன்னதில்லை. எல்லோரும் பெருவிரலைக் காட்டினார்கள். இந்தப் பிள்ளை வாயைத் திறந்து நான் வரமாட்டேன் என்று சொல்கிறார். வரமாட்டேன் என்று அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், ஆறாம் பாடத்திலேயே நாகேஸ்வரி அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன்: பிள்ளையைச் சைக்கிளில் ஏறவிடாதீர்கள், எங்களிடம் ஆள் இல்லை என்று. உண்மையைச் சொன்ன ஒருவரால் எந்தப் பிள்ளைக்கும் கை முறியாது.

இனி நான் தாளைப் பார்க்காமல் பேசுகிறேன்.

நான் நினைத்து வந்தது பிழை. தலைவர் ஐயா, சான்றிதழை எல்லோருக்கும் இன்றே கொடுத்துவிடுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது? இப்போது எனக்கு வாசிக்கத் தெரியும். "இரண்டு நாள் பயிற்சியில் பங்குபற்றினார்" என்று எழுதியிருக்கிறது. அது உண்மை. பங்குபற்றினார்கள், வாங்கட்டும். அதைப் பூட்டி வைத்தால் என்ன நடக்கும்? கடதாசிக்காக ஒன்பது ஞாயிறு வருவார்கள். கடதாசிக்காக வருகிறவர் பிள்ளையின் முதுகைப் பார்க்க மாட்டார், கலண்டரைப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் பின்னால் நின்று விரலைக் காட்டி என்ன பயன்?

கடதாசியைப் பற்றிய பேச்சை விடுவோம். பிள்ளையைப் பற்றிப் பேசுவோம்.

நாளைக்கு வரப்போகிறவர்கள் யார்?

வேண்டாம், வேண்டாம். கையை இறக்குங்கள். எல்லோரும் இறக்குங்கள். இப்படி உயர்த்திய கைகளை நான் நான்கு விழாவில் எண்ணியவன். எனக்குச் சொல்லாதீர்கள். தலைவருக்குச் சொல்லாதீர்கள். படத்துக்குச் சொல்லவே சொல்லாதீர்கள். வருவேன் என்று உண்மையாகத் தெரிந்த ஒருவர், ஒரே ஒருவர் போதும், எழும்பி நான்காம் வரிசைக்குப் போங்கள். அந்தப் பிள்ளையிடம் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சொல்லுங்கள். பெரியவர்களுக்குக் கொடுத்த வாக்கை நாம் காரணம் சொல்லிக் கடந்துவிடுவோம். ஒரு பிள்ளை கேற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன காரணம் சொல்வீர்கள்? வரமுடியாதவர்கள் மஸாஹிராவைப் போல நேர்மையாக உட்கார்ந்திருங்கள். அதுவும் மரியாதைதான்.

நான் காத்திருக்கிறேன். இந்த வேலையில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

ஒருவரும் எழும்பவில்லை. பரவாயில்லை. யோசிக்கிறீர்கள். யோசிப்பது நல்லது; பெருவிரல் யோசிப்பதில்லை.

அதோ, இரண்டாம் வரிசை மூலையில். மூக்குக் கண்ணாடி போட்ட தம்பி எழும்புகிறார். தம்பி, அந்தப் பக்கம் வயர் கிடக்கிறது, சுற்றிப் போங்கள். தாய்மார்களே, கொஞ்சம் காலை மடக்கி வழிவிடுங்கள். படப்பிடிப்பாளர் ஐயா, இதைப் பிடிக்க வேண்டாம். கமராவை இறக்குங்கள், நன்றி.

போய்விட்டார். ஏதோ சொல்கிறார். ரூபிகா எழும்பி நிற்கிறாள். அவளும் ஏதோ கேட்கிறாள். அங்கே இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். என்ன கேட்டாள், நாகேஸ்வரி அம்மா? எங்களுக்கும் சொல்லுங்கள்.

"மழை பெஞ்சாலும் வருவியளோ?" என்று கேட்டாளாம்.

நல்ல கேள்வி. இருபத்தெட்டுப் பேருக்கு நடத்திய நேர்முகத் தேர்வில் யாருக்கும் தோன்றாத கேள்வி. தம்பி, பதிலை ஒலிபெருக்கிக்குச் சொல்லாதீர்கள். எனக்கு அது வேண்டாம். அவளுக்குக் கேட்டால் போதும்.

தலையை ஆட்டினார். அவளும் ஆட்டினாள். இன்னும் இரண்டு பேர் அந்தப் பக்கம் போகிறார்கள்.

பெரியோர்களே, தாய்மார்களே, இதற்கு மேல் என் பேச்சுக்கு அந்த நான்காம் வரிசையில் இடமில்லை. களைத்த ஒருவனின் ஐந்து தாளையும் பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பாதியில் மாற்றிப் பேச விட்ட தலைவர் ஐயாவுக்கும், உண்மை சொன்ன மஸாஹிராவுக்கும், மறுபடியும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்த தாய்க்கும் என் நன்றி. போகிறவர்கள் சத்தமில்லாமல் போங்கள். அங்கே மூன்று பேரும் அவளும் நேரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வணக்கம்.